அயலான் மொழி எங்கே?

பள்ளிகளில் பிறநாட்டு மொழிகளுக்கு விழா எடுப்பதை நாம் எதிர்ப்பவரல்லோம். மாத்தளை மண்ணுக்கு அது புதிதுமன்று: கடல் கடந்து வந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டிலேறியது இங்குள்ள அலுவிகாரையில்தான் என்பது மரபு. ஆனால், பிரெஞ்சுப் பாட்டும் ஜப்பானிய உடையும் மேடையேறும் விழாவில், தோட்டத்துத் தமிழும் கிராமத்துச் சிங்களமும் ஒன்றையொன்று சந்திக்கின்றனவா? தொலைதூர மொழி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. விசிறியும் வண்ணத்தாளும் போதும். அயலான் மொழியோ நியாயம் கேட்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை அந்நியராக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1987இல் தமிழும் ஆட்சிமொழியாகியும், மொழிவாரியாகப் பிரிந்த பள்ளிகள் பிரிந்தே நிற்கின்றன. அடுத்த விழாவை மாத்தளையின் சிங்களப் பள்ளியொன்றும் தமிழ்ப் பள்ளியொன்றும் சேர்ந்து நடத்தட்டும். ஒரே நாடகத்தை இரு மொழியிலும் ஆடட்டும். ஒத்திகைக்கே ஒரு தவணை செல்லும், செல்லட்டுமே!