ஆடிக் காற்றில் ஏமாறாத தோல்

ஆடி மாதம் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு பைக்கில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். வெயில் உறைக்கவே உறைக்காது. ஆனால் காற்று உடம்புச் சூட்டைத்தான் ஆற்றும்; புற ஊதாக் கதிரை ஒன்றும் செய்யாது. பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் அலைகிற எனக்கு பிராட் ஸ்பெக்ட்ரம் சன்ஸ்கிரீன் மாதிரி ஒரு பாதுகாப்பு வேறில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ட்யூபில் எஸ்.பி.எஃப். 50 என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் தோலைச் சிவக்க வைக்கிற யு.வி.பி. வகைப் புற ஊதாக் கதிருக்கான கணக்கு. இன்னொரு வகையான யு.வி.ஏ. இன்னும் ஆழமாக இறங்கும். கொலாஜனைக் கெடுத்துச் சுருக்கம் தரும். கன்னத்தில் மங்கு கூடவும் வைக்கும். ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். இரண்டையும் தடுத்தால்தான் பிராட் ஸ்பெக்ட்ரம். அதிலிருக்கும் அவோபென்சோன் யு.வி.ஏ.வை உறிஞ்சி வெறும் சூடாக மாற்றிவிடுகிறது. ஜிங்க் ஆக்சைடு இரண்டு கதிரையும் பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்துக்குள் இவ்வளவு வேலை நடப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். காது மடலையும் பிடரியையும் மறக்கக் கூடாது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

உடம்புக்கு? அதற்குத்தான் நம் ஊர்த் துணி இருக்கிறதே! துணியின் தடுப்புச் சக்திக்கு யு.பி.எஃப். என்று ஓர் அளவு உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இல் இதற்குத் தரநிலையே கொண்டுவந்தன. யு.பி.எஃப். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே நுழையும். மெல்லிய வெள்ளை காட்டன் டி-சர்ட் பத்தைக்கூடத் தொடாது. நனைந்தால் இன்னும் இறங்கும். காதர்பேட்டைத் துணிக்கடையில் ஒரு சிங்கிள் ஜெர்சிப் பின்னல் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழுத்துப் பாருங்கள், கண்ணி விரிந்து பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். நல்ல கனமான இன்டர்லாக் பின்னலில் அந்தப் பொட்டுகளைத் தேடத்தான் வேண்டும். அடர் சாயம் ஏறியிருந்தால் இன்னும் பிரமாதம். பாலியஸ்டர் நூல் யு.வி.பி.யைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

நான் போடுவது நேவி ப்ளூ இன்டர்லாக், முழுக்கை. நீங்கள் எடுக்கும்போது ஒரு சைஸ் தாராளமாகவே எடுங்கள். பைக்கில் குனிந்து உட்காரும்போது துணி இழுபடுவது தோள்பட்டையில்தான். கண்ணி விரிகிற இடமும் அதுதான்.