கேட்கும் செவி

திரைப்படம் எடுப்பதையே கதைப்பொருளாகக் கொண்ட படங்களுள் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘எட்டரை’ (1963) தலைசிறந்தது எனலாம். அதில் வரும் கைடோ என்னும் இயக்குநருக்குத் தயாரிப்பாளர் உண்டு; நடிகர் உண்டு; விண்கலக் காட்சிக்கென எழுப்பப்பட்ட மாபெரும் சாரமும் உண்டு. சொல்வதற்குக் கதைதான் இல்லை. கனவும் நனவும் எல்லையின்றிக் கலந்தோடும் அப்படத்தில், தமக்கு மகிழ்ச்சியில்லை என்று அவர் ஒரு கர்தினாலிடம் முறையிடுகிறார். சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்னும் பழைய கோட்பாடு விடையாகக் கிடைக்கிறது. கேட்டதற்கும் பெற்றதற்கும் இடையேயுள்ள தூரம் நமக்கு நகைப்பூட்டுகிறது; போதகப் பணியிலிருப்போரைச் சற்றுச் சுடவும் செய்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டில் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் பல காட்சிகள் எடுக்கப்பெற்ற இப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் அதில் வரும் செல்லப்பாவை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. தாராபுரத்துக்காரரான நாகேஷ் ஏற்ற பாத்திரம் அது. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று நிறுவனப் பெயர் சூட்டிக்கொண்ட அவனுடைய நிலை கைடோவின் நிலைக்கு நேர்மாறானது. பணமில்லை, படக்கருவியில்லை, கதை சொல்லும் வாய் மட்டுமே உண்டு.

தந்தை விசுவநாதனுக்கு அவன் திகில் கதை சொல்லும் காட்சியை நாம் மீண்டும் பார்த்தல் நன்று. பேயும் இல்லை, காடும் இல்லை. மகன் வாயால் எழுப்பும் ஓசைகளும், அவற்றைக் கேட்டு நடுங்கும் பாலையாவின் முகமுமே அங்கு உண்டு. காட்சியின் வெற்றியில் பாதி அம்முகத்துக்கு உரியது. எடுக்கப்படாத படமொன்றை அம்முகத்தில் நாம் பார்த்துவிடுகிறோம். கைடோவைச் சூழ்ந்து பேசுவோர் பலர், செவிகொடுப்போர் அரியர். செல்லப்பாவுக்கோ, காசு தர மனமில்லாத தந்தையே ஆயினும், கேட்பவர் ஒருவர் வாய்த்துவிட்டார்.

சென்ட்ரல் ஸ்டூடியோவும், ‘மலைக்கள்ளன்’ (1954) போன்ற படங்களைத் தந்த பட்சிராஜா ஸ்டூடியோவும் இயங்கிய நகரம் கோவை. ஆலை முதலாளிகளின் பணமும் கலைஞரின் கனவும் சந்தித்த அந்நகரத்தாருக்குச் செல்லப்பாவும் அவன் தந்தையும் அயலார் அல்லர்.

ஆனால் அதே விசுவநாதன்தான் தம் எஸ்டேட்டில் பணிபுரிந்த அசோக் என்னும் இளைஞனை வேலையினின்று நீக்குகிறார். அவன் அவரது மாளிகைக்கு எதிரே கூடாரமடித்து வேலை கேட்கிறான். அக்குரல் அவர் செவியில் ஏறவில்லை. அவனே செல்வர் மகனென்று பொய் சொன்னவுடன் உபசாரம் தொடங்குகிறது. இல்லாத பேய்க்கு அஞ்சியவர் இருக்கும் மனிதனின் குறையைக் கேட்க மறுத்தார். இம்முரணில் அடங்கியுள்ள கூர்மையான விமரிசனத்தைப் படம் இறுதிவரை பேணவில்லை என்பது நம் குறை. வேலைக்கான போராட்டம் ஆள்மாறாட்டத்திலும் காதலிலும் கரைந்துபோகிறது. சிரித்து முடித்தபின் அந்தக் கோரிக்கை எவர் நினைவிலும் நிற்பதில்லை.

எனினும் இவ்விரு படங்களையும் சேர்த்து நோக்குங்கால் ஒன்று தெளிவாகிறது. கர்தினாலும் எஸ்டேட் முதலாளியும் ஒரே குறைபாடுடையவர்கள்: தமக்குப் பழகிய மொழியில் வந்தாலன்றி எதையும் கேளாதவர்கள். அவர்களைக் கண்டு நகைக்கும் நாம், நம் வாயிலில் கூடாரமடித்து நிற்பவன் யார் என்று எட்டிப் பார்த்ததுண்டா? இக்கேள்வியை எழுப்புமாயின், நகைச்சுவைப் படத்துக்குச் செலவிட்ட மூன்று மணி நேரம் வீணன்று.