பரிசிலும் பல்கலைக்கழகமும்

புலமைப்பரிசில் என்ற சொல்லை நம் நாட்டில் ஐந்தாந் தரத்துப் பிள்ளையும் அறியும். அப்பெயரில் நடக்கும் பரீட்சைக்காகப் பெற்றோர் படும் பாட்டையும் யாவரும் அறிவர். ஆயினும் அச்சொல்லின் பிற்பாதி சங்கப் புலவரிடமிருந்து வந்தது என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. அன்று புலவன் பாடினான், மன்னன் கொடுத்தான். வறுமை புலவனை மன்னனின் வாயிலுக்குத் துரத்தியது உண்மையே. எனினும் பெறுகின்றவனுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றிலே உண்டு. புலமையை அளந்தறிந்து தருவதாயின் அது சிறிதேயாயினும் போதும் என்பது அவர் நிலை.

இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பிற நாடுகளின் முன்னணி ஆய்வாளரைத் தம்பால் ஈர்ப்பதற்கு வழங்கும் ஆய்வுப் பரிசில்களை இச்செய்தியின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2025 மே மாதத்தில் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்திலே ஐரோப்பிய ஒன்றியம் ஓர் அறிவித்தலைச் செய்தது. வெளிநாட்டு ஆய்வாளரைக் கவர்வதற்கென 2025 முதல் 2027 வரை 50 கோடி யூரோ ஒதுக்கப்படும் என்பதே அது. அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கான அரச நிதி வெட்டப்பட்டு, அறிஞர் பலர் நிலை கலங்கி நின்ற வேளை அது. அயல் வீட்டில் தீப்பிடித்தபோது ஓடி வந்தவர்கள் தண்ணீரோடு ஒரு விலைப்பட்டியலையும் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது.

இப்பரிசில்களுக்குரிய விண்ணப்பப் படிவத்தை இலக்கிய மாணவர் ஒருமுறை ஊன்றிப் படித்தல் நன்று. படிவமும் ஓர் எழுத்துத்தான். அதற்கும் ஒரு மரபும் ஒரு நாயகனும் உண்டு. ஐரோப்பாவின் மரீ கியூரி பெயரிலான ஆய்வுப் பரிசிலை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பத்துக்கு மூன்று தலைப்புகளிற் புள்ளி இடப்படுகின்றது: சிறப்புக்கு நூற்றுக்கு 50, பயன்விளைவுக்கு 30, செயற்படுத்தும் முறைக்கு 20. ஆய்வாளர் தனியே விண்ணப்பிக்க முடியாது. தம்மை ஏற்கும் நிறுவனத்தோடு சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டிலே வாழ்ந்திருக்கவும் கூடாது. கடைசி விதி நல்ல விதி. உள்ளூர்ச் செல்வாக்கினாற் கதிரை பெறுவோரை அது தடுக்கிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு அதிலே ஒரு சிறு துண்டையேனும் கடன் வாங்கிக் கொடுக்கலாம்.

எனினும் அப்படிவத்தின் நாயகன் யார்? ஓரிடத்திலும் வேரூன்றாதவன், எங்கும் போகத் தயாராயிருப்பவன், தன் புகழைத் தானே ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவன். பாணனாயினும் தன்னைப் பாடவில்லை, மன்னனைத்தான் பாடினான். மரீ கியூரியோ, தம் ஊரான வார்சோவிலே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்தமையால் 1891இல் பாரிசுக்குச் சென்றவர். அந்தக் கதவைப் பற்றிக் கேட்பதற்குப் படிவத்திலே ஓர் இடமும் கண்டிலோம்.

ஏழை நாடொன்று உலகத்தின் முதல்தர அறிஞரை அழைக்க முடியுமா என்று மாணவர் கேட்கலாம். முடியும், நடந்துமிருக்கிறது. கைதவறிப் போனதும் உண்டு. ஜேர்மனியில் நாசிகளால் 1933இலே பதவியிழந்த மாக்ஸ் போர்ன், சி.வி. இராமனின் அழைப்பின்பேரில் 1935இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். அவருக்கு அங்கே நிரந்தரப் பதவி தர வேண்டும் என்று இராமன் வாதாடினார். கூட்டத்தில் எழுந்து எதிர்த்தவர் இந்தியரல்லர். அங்கே பணியாற்றிய ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர். தன் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர மனிதர் இக்கழகத்துக்குத் தகார் என்பது அவர் வாதமாயிருந்ததாகப் போர்ன் பின்னர் எழுதியிருக்கிறார். போர்ன் 1936இல் எடின்பரோவிலே பேராசிரியரானார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். அடிமை நாட்டின் கழகத்திலே யார் சிறந்தவர் என்பதைத் தீர்ப்பவரும் ஆள வந்தவராகவே இருந்தார்.

விடுதலைக்குப் பின் நடந்தது வேறு. உயிரியல் மேதையும் மார்க்சியருமான ஜே.பி.எஸ். ஹால்டேன், மகலநோபிசின் அழைப்பை ஏற்று 1957இல் இலண்டனை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்துக்கு வந்தார். 1956இல் பிரித்தானியா சூயசின் மீது படையெடுத்ததை அவர் காரணமாகப் பகிரங்கமாகக் கூறினார். காலுறை அணியும் தொல்லை இங்கே இல்லை என்பதையும் வேடிக்கையாகச் சேர்த்துக்கொள்வார். வந்தவர் என்ன செய்தார் என்பதிலேதான் நமக்கு அக்கறை. விலையுயர்ந்த கருவி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கண்ணும் கையும் எண்ணத் தெரிந்த மூளையும் இருந்தாற் செய்யக்கூடிய ஆராய்ச்சிகளை இளைஞர்களிடம் ஒப்படைத்தார். அவருடைய மாணவர் ஒருவர் பவளமல்லிகைப் பூக்களின் இதழ்களை எண்ணினார். ஒரே மரத்திற் பூக்கும் பூக்களுக்கிடையே இதழ்த்தொகை எவ்வாறு வேறுபடுகிறது என்பதே கேள்வி. விடியற்காலையில் நம் முற்றத்திலும் உதிரும் அந்தப் பூ, உலகத்து உயிரியலுக்கு ஒரு செய்தி சொல்லத் தக்கது என்று காட்டுவதற்கு ஹால்டேன் போன்ற ஒருவர் வேண்டியிருந்தது. 1961இல் அவர் நிர்வாகத்தோடு பிணங்கிக் கல்கத்தாக் கழகத்தை விட்டு விலகினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தியாவை விட்டுப் போகவில்லை; இந்தியக் குடிமகனாகவே புவனேசுவரத்தில் 1964இல் இறந்தார்.

இனி நம் கரைக்கு வருவோம். அட்டாளைச்சேனைக்கு வடக்கே காரைதீவு இருக்கிறது. அங்கே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளை, தொடங்கிச் சில ஆண்டே ஆகியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931இலே தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கடல் கடந்து அறிஞரை அழைப்பது மேனாட்டார் வழக்கம் மட்டும் என்று நினைப்பவர் இதனை மறந்துவிடுகின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே அடிகள் 1943இல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் காலத்திலே அங்கு புகுந்து தமிழ் பயின்றவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. முகம்மது உவைஸ். பல ஆண்டுகளின் பின் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் ஆய்விருக்கையை நிறுவி, அதில் அமர்வதற்கு இந்த ஈழத்து முஸ்லிம் அறிஞரை அழைத்தது. அவர் அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி முடித்தார். அதுவரை இலக்கிய வரலாற்று நூல்களிலே உமறுப்புலவருக்கு ஒரு பந்தி கிடைத்தாற் பெரிது என்றிருந்த நிலையை அத்தொகுதிகள் மாற்றின. இருக்கைக்குச் செலவான பணம் எவ்வளவாயினும், இன்று நம் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கையிலெடுத்துப் பாடஞ் சொல்லக்கூடிய நூல் எஞ்சி நிற்கிறது.

அழைத்துப் பெற்றதைச் சொன்னோம். துரத்தி இழந்ததையும் சொல்ல வேண்டும். கணிதப் பேராசிரியர் எலியேசர் 1959இலும், தனிநாயகம் அடிகள் 1961இலும் இலங்கைப் பல்கலைக்கழகத்தை விட்டு மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். மலாயா அவ்விருவரையும் இரு கைகளாலும் ஏற்றது. 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியதற்குத் தனிநாயகம் அடிகள் அங்கே இருந்தது பெருங்காரணம். இன்னொருவர் சமூகவியலாளர் ஸ்டான்லி தம்பையா. 1956 யூன் மாதத்தில், தனிச்சிங்களச் சட்டத்தை ஒட்டிக் கல்லோயாவிலே வன்செயல் மூண்டபோது, தம் மாணவரோடு அங்கே குடியேற்றவாசிகளிடை ஆய்வு செய்துகொண்டிருந்தவர் அவர். அட்டாளைச்சேனை வயல்களுக்கு நீர் தரும் பெரிய வாய்க்கால்களின் தலைப்பகுதி அது. 1960இல் அவர் நாட்டை விட்டுச் சென்றார். கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹாவார்ட் என்று உலகின் உயர்ந்த பல்கலைக்கழகங்கள் அவரை மாறி மாறி வரவேற்றன. 1992இலே அவர் இலங்கை அரசியலில் பௌத்தத்தின் பங்கைப் பற்றி எழுதிய நூலை நம் நாடு தடைசெய்தது. அம்மூன்று பல்கலைக்கழகங்களும் அவருக்கு அளித்த சம்பளம் ஒருபுறமிருக்க, நாம் அவருக்கு அளித்தது கல்லோயாவின் அந்த இரவுகளை. சம்பளத்தைக் கூட்டினால் அறிஞர் தங்குவர் என்று சொல்லும் பொருளாதார நிபுணர் இக்கணக்கை எப்படிப் போடுவாரோ அறியோம்.

அட்டாளைச்சேனைக்குத் தெற்கே அக்கரைப்பற்று. 1969 முதல் 1971 வரை அங்கே அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே தங்கி ஆராய்ந்தார். கவர்ச்சியான பரிசில் எதனையும் காட்டி இக்கரை அவரை அழைக்கவில்லை. தாய்வழிக் குடிமுறை, பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கம், பள்ளிவாசல் நிர்வாகத்திலே குடிகளுக்குரிய இடம், தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அமைப்பை இரு விதமாகக் கையாளும் முறை ஆகிய கேள்விகளே அவரைக் கொண்டுவந்தன. உலகத்தில் வேறெங்கும் போய் அவற்றுக்கு விடை காண முடியாது. ஏறத்தாழ நாற்பதாண்டு உழைப்பின் பயனாக 2008இல் அவருடைய பெருநூல் அமெரிக்காவில் வெளிவந்தது. நேர்மையான நூல், போரும் 2004 ஆழிப்பேரலையும் அழித்த பலவற்றின் நினைவு அதிலே காக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூலை, அவருக்கு விடை சொன்ன மூத்தம்மாவின் பேரப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் எப்படிப் படிப்பர்? இதற்கு நூலாசிரியரைக் குறைகூறுவது நியாயமன்று. அவர் தம் பல்கலைக்கழகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர். நம்முடைய பல்கலைக்கழகம் யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்பதே நம் கேள்வி.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இலே பல்கலைக்கழகமாயிற்று. போரினால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கற்க முடியாமற்போன முஸ்லிம் மாணவரின் இடரிலிருந்து பிறந்தது அது. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. தென்கொரியாவில் அது நூற்றுக்கு ஐந்தை நெருங்குகிறது. 2022இலே நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்ததன் பின் விரிவுரையாளர் பலர் வெளிநாடு சென்றதையும் கண்டோம். இந்நிலையில் ஐரோப்பாவோடு பணத்திற் போட்டியிட முயல்வது வீண். ஆனால் பணம் தமிழரிடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஹாவார்டில் தமிழிருக்கை நிறுவ 60 இலட்சம் டொலர் திரட்டப்பட்டது. தமிழ்நாட்டு அரசு அதற்குப் பத்துக் கோடி இந்திய ரூபா கொடுத்தது. ரொறன்ரோவில் 30 இலட்சம் கனடிய டொலர் சேர்ந்தது. அதிலே புலம்பெயர்ந்த நம் உழைப்பாளரின் வியர்வை மிகுதி. அவ்விருக்கைகள் வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். உலகிலேயே மிகுந்த செல்வமுடைய பல்கலைக்கழகத்தின் கருவூலத்துக்கு ஏழைத் தமிழரிடம் உண்டியல் குலுக்கியதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

ஒலுவில் ஓர் ஆய்வுப் பரிசிலை ஏற்படுத்துமாயின், அது பெரிய பரிசிலாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் ஓராண்டு இக்கரையிலே குடும்பத்தோடு தங்கிச் சாப்பிடவும், வயலுக்கும் வாடிக்கும் போய்வரவும் போதுமானால் அமையும். அதற்கான படிவத்தை நாம் எழுதுவதாயின் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையை முதலிற் கேட்கமாட்டோம். நீர் கேட்கவிருக்கும் கேள்வியை இவ்வூரார் முன்பே கேட்டிருக்கின்றனரா என்று கேட்போம். கடலரிப்பினால் ஒலுவில் கரை கரைந்து போகிறது; துறைமுகம் கட்டியதன் விளைவு என்று மீனவர் சொல்கின்றனர். அதனைத் தீர விளக்குவதற்கு உலகின் முதன்மையான கரையோர ஆய்வாளர் ஒருவர் வரலாம். நாட்டார் கவி சொல்லும் முதியோர் இன்னும் சிலர் இருக்கும்போதே இசையாராய்ச்சியாளர் ஒருவர் வரலாம். வருபவர் உள்ளூர் ஆய்வாளர் இருவரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளவும், போகுமுன் தம் முடிபுகளைத் தமிழிலே ஒரு சிறு நூலாகப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். தமிழறியாதவராயின் அவ்விருவரும் எழுதட்டும்.

இவ்வாறு செய்தால் தரம் குறையும் என்று பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் கூறக்கூடும். ஹால்டேனின் மாணவர் பூவிதழ்களை எண்ணியபோதும் அப்படிச் சொன்னவர் இருந்திருப்பர். இதனை மறுத்து எழுதுவோர் எழுதுக. அடுத்த இதழ்களில் விவாதத்தைத் தொடர்வோம்.