ஜோஷிமட்டின் 5.4 சென்டிமீட்டர்

2023 ஜனவரியில், உத்தராகண்டின் ஜோஷிமட் நகரில் வீட்டுச் சுவர்களும் தரையும் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டது. 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான ஏழு மாதங்களில் அந்த நகரத்தின் நிலம் 8.9 சென்டிமீட்டர் வரை இறங்கியிருந்தது. அடுத்து, டிசம்பர் 27க்கும் ஜனவரி 8க்கும் நடுவே, பன்னிரண்டே நாளில், 5.4 சென்டிமீட்டர் வரை. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியான பிறகு அறிக்கை இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. நிலைமை பற்றி ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவியல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்பிவர எடுத்துக்கொள்ளும் காலம் அது. ஜோடியாகச் சுற்றியவற்றில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகிவிட்டதால், அப்போது வேலை செய்தது ஒன்றுதான். அது அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். நிலம் சற்று விலகினாலும் திரும்பி வரும் அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கச் சுற்றில் அது இருக்கும் நிலை, மாறிவிடும். இரு தேதிகளின் கட்டங்களைக் கழித்துப் பார்த்து அசைவைக் கணக்கிடுவதுதான் இன்சார் எனப்படும் முறை.

இதன் பெரும் பலம் அதன் நினைவாற்றல் என்பேன். தரையில் கருவி நட்டால், நட்ட நாளிலிருந்துதான் கணக்கு. செயற்கைக்கோளோ 2014 முதல் யாரும் கேட்காமலே பதிவுசெய்து, இலவசமாகவும் தருகிறது. விரிசல் விட்ட பிறகும் பின்னோக்கிப் போய் ஏழு மாதக் கதையைப் படிக்க முடிந்தது இதனால்தான். நகர்வின் வடிவமும் கிடைத்தது: மேலே குறுகி, கீழே விரிந்த, நிலச்சரிவுக்கே உரிய வடிவம். அதன் தலைப்பகுதி ஜோஷிமட்-அவுலி சாலையருகே, 2,180 மீட்டர் உயரத்தில் இருந்தது. பழைய நிலச்சரிவின் குவியல்மீது நகரம் நிற்கிறது என்று 1976லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. கட்டடங்கள் தனித்தனியே பலவீனமானவை என்று பேசித் தப்பிக்க இனி வழியில்லை. படத்தில் ஒரு சரிவே மொத்தமாக அசைந்தது.

ஆனால் 5.4 என்ற அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தச் செயற்கைக்கோள் துருவத்தை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகிறது; பார்ப்பதோ பக்கவாட்டில், சாய்வாக. அந்தச் சாய்ந்த கோட்டில் ஏற்படும் தூர மாற்றம் மட்டுமே அதற்குத் தெரியும். வடக்கிலோ தெற்கிலோ நகரும் நிலம் ஏறத்தாழ அதன் கண்ணிலேயே படாது. ஜோஷிமட் இருப்பது அலக்நந்தாவை நோக்கி வடக்கே இறங்கும் சரிவில். அதாவது, மண் சறுக்கிப் போகக்கூடிய முக்கியத் திசையில்தான் கருவிக்குப் பார்வை மிகவும் குறைவு. உண்மை நகர்வு செய்தியில் வந்ததைவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வாய்ப்புண்டு. 'நகரம் 5.4 சென்டிமீட்டர் புதைந்தது' என்று பரவிய செய்தியோடு இந்த விளக்கம் பரவவில்லை.

வேறு சிக்கல்களும் உண்டு. அலை போய்த் திரும்புவதால், நிலம் அலைநீளத்தில் பாதி, அதாவது 2.8 சென்டிமீட்டர், நகரும் ஒவ்வொரு முறையும் அது பழைய கட்டத்துக்கே வந்துவிடும். எத்தனை சுற்று ஆனது என்பதைப் பக்கத்துப் புள்ளிகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 5.4 என்பது கிட்டத்தட்ட இரண்டு சுற்று. இரண்டே படங்களை ஒப்பிடும்போது, காற்றிலுள்ள நீராவிகூட நில அசைவாக வேடம் போடும். கட்டடங்கள் நிறைந்த நகரமானதால் அலை நன்றாகத் திரும்பியது. பக்கத்துக் காட்டில் அந்த வசதி இல்லை.

எப்போது இடியும் என்ற கேள்விக்கும் இதில் பதில் கிடையாது. கலிபோர்னியக் கடற்கரைச் சாலையை 2017 மே 20 அன்று மூடிய மட் கிரீக் நிலச்சரிவு, அதற்கு முன் பல ஆண்டுகள் மெதுவாக நகர்ந்துகொண்டுதான் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் பதிவுகளிலிருந்து கண்டார்கள். ஆண்டுக்கணக்கில் நகர்ந்தும் விழாமல் இருந்தது, கனமழைக்குப் பிறகு விழுந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்ததோ இன்னொரு வகை: கொட்டும் மழையில் இரவோடிரவாக மண்ணும் பாறையும் பாய்ந்து வந்தது. இப்படிப்பட்ட பாய்ச்சலைப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் கண்ணிடம் முன்கூட்டிச் சொல்லச் சொல்வது நியாயமில்லை. அங்கே மழைமானியும், ஆட்களை நேரத்தில் வெளியேற்றும் ஏற்பாடும்தான் வேண்டும். நீலகிரிக்கும் இது பொருந்தும்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் செயற்கைக்கோள் சுமார் 24 சென்டிமீட்டர் அலையையும் பயன்படுத்துகிறது. இலைத்திரளை ஊடுருவுவதில் அது மேல். மலைக்காடுகளுக்கு இது உண்மையான முன்னேற்றம். ஆனால் திரும்பிவர அதற்கும் பன்னிரண்டு நாள்தான், வடக்கு-தெற்குக் குறையும் அப்படியே இருக்கிறது.

இத்தனை குறைகள் இருந்தும் அந்த அறிக்கையை நீக்கியது தவறு என்றே சொல்வேன். அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்ட எண்ணுக்கு விளக்கம் எழுதியிருக்க வேண்டும். சுவர் பிளந்த வீட்டுக்காரருக்குப் பீதி புதிதாக வரவேண்டியதில்லை. தன் வீடு நகரும் பகுதிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே அவருக்குத் தேவை. ஆய்வு முடிவுகளை மறைக்கக் காரணமில்லை என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் சொன்ன பிறகே, ஜோஷிமட்டை ஆராய்ந்த எட்டு நிறுவனங்களின் அறிக்கைகள் வெளியே வந்தன. அதுவரை எட்டு மாதம் மக்கள் வதந்தியை நம்பி வாழ்ந்தார்கள். வடக்கு நோக்கிய சரிவுகளில் ஜிபிஎஸ் நிலையங்களும், ஆழ்துளையில் இறக்கிய சாய்வுமானிகளும் வைத்து, செயற்கைக்கோள் வரைபடத்தோடு அந்த அளவுகளையும் பிழை வரம்பையும் சேர்த்து வட்டாட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் ஒட்டிவைப்பது ஒன்றும் ஆகாத காரியமில்லை.