பாரசீகக் குத்துவாளை அடித்தது யாரு?

"பாரசீகக் குத்துவாளெல்லாம் நம்ம ஊரு எஃகு" என்று ஒரு கட்டுரை அடிக்கடி சுற்றி வருகிறது. ஆசையாத்தான் படிக்க ஆரம்பிப்பேன். வாளின் படம் பெரிசா இருக்கும். அதை அடித்தவனைப் பற்றி ஒரு வரி இருக்காது.

உருக்குக்கு ஆதாரம் இருக்கு, மறுக்கவில்லை. மேல்சிறுவலூரில் மூசை என்கிற மண்குடுவைகளின் உடைசல் கிடைத்திருக்கிறது. இரும்போடு கரிப்பொருளையும் அதில் அடைத்துக் காய்ச்சினால், சுமார் 1.5 சதவீதம் கார்பன் உள்ள எஃகுக் கட்டி கிடைக்கும். இதை 'வூட்ஸ்' என்ற பேரில் 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து எழுதினார்.

ஆனா கட்டி, வாள் கிடையாது. சூடு மிஞ்சினால் இந்த எஃகு சுத்தியலடியில் உதிர்ந்துபோகும். செஞ்சூட்டில் வைத்து, தட்டித் தட்டி, திரும்பக் காய்ச்சி நீட்டணும். பிறகு மெருகேற்றி அமிலம் பூசினால்தான் அந்த நீரோட்டக் கோலம் தெரியும். கட்டிக்குள் கார்பைடு இருந்தாலும் அதை வரிவரியாக நிற்க வைப்பது கொல்லனின் கை. குறுக்கே பள்ளம் வெட்டி, மறுபடி அடித்துச் சமமாக்கி, 'நாற்பது படி' ஏணிக்கோலம்கூட வரவைத்திருக்கிறார்கள். கஞ்சர் என்கிற வளைந்த குத்துவாளின் பிடிக்கோ வடகடல் வால்ரஸ் தந்தம். அதையும் செதுக்கியது வேறொரு கை.

'எல்லாம்' என்ற சொல்லும் நிற்காது. ஈரானின் சாஹக்கில் குரோமியம் கலந்த மூசை எஃகை சுமார் ஆயிரம் வருஷம் முன்னாலேயே அங்கேயே காய்ச்சியதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தக் கட்டுரைகளில் அது வருவதே இல்லை.

நம்ம தஞ்சாவூர்க் கட்டாரியை எடுத்துக்கிடுங்க. அதில் பலவற்றின் அலகு, ஐரோப்பிய வாளை வெட்டிப் பொருத்தியது. கைக்காப்பும் பிடியும் இங்கத்த வேலை. அதை இத்தாலியக் கட்டாரின்னு யாராவது சொன்னா விடுவோமா?

எங்க இலஞ்சிப் பக்கம் லாரிப் பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பாங்க. வாங்க வர்றவர் கேட்பது எந்தக் கம்பெனி லாரின்னு இல்ல, எந்த ஆசாரி அடிச்சதுன்னுதான். அந்தக் கட்டுரை எழுதுகிறவர்களும் அதையே கேட்டிருக்கலாம்.