4.50-ஆ, 4.51-ஆ?

ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறீர்களா? முதல் வேலையாக ஒரு துளைத்தட்டு வாங்கிவிடுங்கள். தூக்கம் கெட்டால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை!

சின்ன உலோகத் தட்டுதான். வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 0.01 மி.மீ. பெரிசு. சின்னதிலிருந்து ஆரம்பித்து, ரைஃபிளில் போடும் ஈயக்குண்டான பெல்லட்டைத் தலைகுப்புற வைத்துக்கொண்டே வர வேண்டும். எதில் முதலில் தலை இறங்குகிறதோ அதுதான் தலையின் விட்டம். ஆஹா, அந்த 'டொக்'! வெர்னியரை இதற்கு நம்ப முடியாது. ஈயமாச்சே, கொஞ்சம் இறுக்கினாலே நசுங்கிவிடும். டின்மேல் 4.50 என்று போட்டிருக்கும். கொட்டிப் பார்த்தால் 4.49-உம் 4.51-உம் கலந்து கிடக்கும்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்பீர்கள். பெல்லட்டுக்கு இடுப்பு சிறுத்திருக்கும். காற்று அடித்ததும் பின்பக்கப் பாவாடை விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். தலை, குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல்வரிகளை உரசிக்கொண்டே போகும். அதனால்தான் அதன் அளவு முக்கியம். தொலைதூர ரைஃபிளுக்குத் தாங்களே தோட்டா கட்டும் வெளிநாட்டுக்காரர்களும் இதே பைத்தியம்தான். தோட்டாவின் நீளத்தைக் குண்டின் நுனியிலிருந்து அளக்க மாட்டார்கள், நுனி ஒன்றுபோல் இருக்காது. குண்டின் வளைவு சுழல்வரியைத் தொடுகிற இடம்தான் அவர்களுக்குக் கணக்கு. அந்த வேலைக்கு நம்மூர்ச் சட்டம் லேசில் இடம் தராது. எனக்கு இந்த 4.5 மி.மீ. போதும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில். அதில் பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் 0.5 மி.மீ.! உண்மையைச் சொன்னால், அந்தத் தூரத்தில் என் குறியைக் கெடுப்பது பெல்லட்டைவிட என் மூச்சுதான். அதற்காக அளக்காமல் விட முடியுமா?

1767-இல், நான் இருக்கும் இதே திருவண்ணாமலையில் ஹைதர் அலி, நிஜாம் படைகளும் ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித்தின் படையும் மோதின. அந்தக் காலத்து ஆங்கிலேய மஸ்கட்டில் குழல் சுமார் 19 மி.மீ., குண்டு 17.5. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி, சாமி! குண்டு குழலுக்குள் முட்டி மோதித்தான் வெளியே வரும். நான் இங்கே 0.01-க்கு உயிரை விடுகிறேன்.

பெல்லட்டுகளைத் தலை அளவுப்படி பிரித்தாகிவிட்டால் அடுத்தது எடை. ஒன்று சுமார் 0.53 கிராம். மில்லிகிராம் காட்டும் தராசுக்கு எங்கே போவது? தேரடி வீதி நகைக்கடை அண்ணன் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுத்தார். "ஈயத்துக்கு இவ்ளோ பாக்கறீங்களே சார், சேதாரம் எவ்ளோ போடட்டும்?" என்றார். 0.527-ஐத் தனியே ஒதுக்கிவிட்டு, 0.531 எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டேன்.