ஒரு சபராளியின் தன்வரலாறு

இப்னு கல்தூன் என்றவுடன் ‘முகத்திமா’வை நினைப்பதே கற்றோர் வழக்கம். அரசுகள் எழுவதும் தேய்வதும் எதனால் என்று ஆராய்ந்த அந்நூலின் புகழில், அன்னார் தம்மைப் பற்றியே எழுதிய ‘அத்தஃரீஃப்’ மறைந்து கிடக்கிறது. முஹம்மது இப்னு தாவீத் அத்தன்ஜீ இதனை 1951-ல் கெய்ரோவில் பதிப்பித்தார். ஆயினும் மத்ரஸாக்களில் ஓதுவோரும் ஓதிக்கொடுப்போரும் இதனை ஒரு துணைநூலாகவே புரட்டிப் பார்க்கின்றனர். நாமோ, குழப்பம் மிகுந்த அயல்நாட்டில் வாழ நேர்ந்த ஒரு சபராளியின் ஏடாக இதனைப் படிக்க வேண்டும் என்கிறோம். அப்போதுதான் இதன் சிறப்பும் குறையும் ஒருங்கே புலப்படும்.

தூனிஸில் 1332-ல் பிறந்த அவர், தம் ஐம்பதாம் வயதில் ஹஜ்ஜை முன்னிட்டுக் கப்பலேறினார். 1382-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று அலெக்சாந்திரியாவில் வந்திறங்கினார். சுல்தான் பர்கூக் எகிப்தின் அரியணை ஏறிச் சில நாட்களே ஆகியிருந்த நேரம் அது. கெய்ரோவைக் கண்ட வியப்பை அடுக்கடுக்கான சொற்களால் அவர் கொட்டுகிறார். பின்னர் பிறந்த மண்ணுக்குத் திரும்பவேயில்லை. 1406-ல் கெய்ரோவிலேயே கண்மூடினார்.

இந்த இருபத்து மூன்று ஆண்டுகளின் அன்றாட வாழ்வு நூலில் எப்படிப் பதிவாகியுள்ளது? முதலில் கம்ஹிய்யா மத்ரஸாவில் ஆசிரியப் பணி. 1384-ல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழிப் பதவி. அப்பதவியில் அமர்ந்து கண்டவற்றைக் கூறும் பக்கங்களே நூலில் உயிருள்ள பகுதி என்பது நம் துணிபு. பெரியோரின் தயவில் நிற்கும் பொய்ச்சாட்சிகள், வக்ஃபு சொத்துக்களைக் கைமாற்ற வழி தேடிக் கொடுக்கும் பத்திர எழுத்தர்கள், அரைகுறைக் கல்வியோடு ஃபத்வா வழங்குவோர் ஆகிய அனைவரையும் அவர் எதிர்த்து நின்றார். தம்மைப் போல் மேற்கிலிருந்து வந்து ஆலிம் வேடம் பூண்டவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வந்தேறியாகிய ஒருவர் உள்ளூர் வழக்கத்தில் கைவைத்தால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. பகை பெருகி, ஓராண்டளவில் பதவி போயிற்று. அவர் காழியான பின்னும் மக்ரிபின் உடையைக் களையவில்லை என்ற குறையை இப்னு ஹஜர் குறித்துள்ளார். பிறர் கண்ணில் அவர் கடைசிவரை அயலவரே.

பதவியேற்ற அதே ஆண்டில், தூனிஸிலிருந்து குடும்பத்தார் வந்த கப்பல் புயலில் மூழ்கியது. அவர்களை அனுப்பி வைக்குமாறு பர்கூக் தூனிஸ் சுல்தானுக்கு எழுதிய மடலை இந்நூல் முழுமையாகத் தருகிறது. அவர்களை இழந்த செய்தியோ சில வரிகளில் முடிந்துவிடுகிறது. துயரத்தை அடக்கிச் சொல்வது பெருந்தன்மையே. ஆனால் அரசவை மடல்களுக்கும் புகழ்க்கவிதைகளுக்கும் தாராளமாக இடம் தந்தவர், வெறுமையான வீட்டிற்கு ஒரு பக்கமும் தரவில்லை. இது நூலின் பெருங்குறை.

இனி, நூலின் மிக நெருடலான இடம். 1389-ல் யல்புகா அந்நாஸிரீயும் மின்தாஷும் கிளர்ந்தெழுந்தனர். பர்கூக் அரியணை இழந்து கரக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். கெய்ரோ மின்தாஷின் கைக்கு வந்தபோது, பர்கூக்குக்கு எதிரான ஃபத்வாவில் கையெழுத்திடுமாறு ஆலிம்கள் வற்புறுத்தப்பட்டனர். தம்மை ஆதரித்த அரசருக்கு எதிராக இப்னு கல்தூனும் கையெழுத்திட்டார். 1390-ல் பர்கூக் மீண்டும் அரசரானார்; பைபர்ஸ் கான்காஹின் தலைமை இவர் கையைவிட்டுப் போயிற்று. நடந்தது கட்டாயத்தால் என்கிறார். அதிகாரி ஒருவரின் மனக்கசப்பையும் காரணம் காட்டுகிறார். மன்னிப்பு வேண்டிப் பாடிய கவிதையையும் சேர்க்கிறார்.

இப்பகுதியை நாம் ஓதிக்கொடுத்தபோது மாணவர் ஒருவர், “அஞ்சிக் கையெழுத்திட்டவரிடம் நீதியைப் பற்றி நாம் ஏன் பாடம் கேட்க வேண்டும்?” என்று வினவினார். கேள்வி நியாயமானது. அச்சத்தைக் காரணம் காட்டிச் செயலை நியாயப்படுத்த நமக்கும் மனமில்லை. ஆனால் அதனை அவர் தம் நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார். மறைக்க விரும்பியவர் அந்த ஏட்டை நீக்கியிருக்கலாம். பிழை பிழையே, பதிவு செய்த நேர்மையும் நேர்மையே. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பதே நாம் அம்மாணவருக்குச் சொன்ன விடை.

இதன் வேர் ‘முகத்திமா’விலேயே இருக்கிறது. அதன் முதல் வடிவத்தை 1377-ல் இப்னு ஸலாமா கோட்டையில் ஐந்தே மாதங்களில் எழுதி முடித்தவர், ஆட்சிக்கு ஆதாரம் ‘அஸபிய்யா’ என்னும் குலப்பிணைப்பின் வலிமையே என்று நிறுவினார். கெய்ரோவில் அவருக்கு அந்த வலிமை அறவே இல்லை. உறவில்லை, குலமில்லை, ஒருவரின் தயவே துணை. ஆறு முறை காழியானார்; ஐந்து முறை பதவி பறிபோயிற்று. அரியணை ஆடினால் சபராளியின் அடுப்பும் ஆடும் என்ற உண்மையை அவர் கோட்பாடாக எழுதவில்லை. அவர் வாழ்க்கையே அதற்குச் சான்றாயிற்று.

1401-ன் தொடக்கத்தில் தைமூரின் படை டமாஸ்கஸை முற்றுகையிட்டிருந்தது. இளைய சுல்தான் ஃபரஜ் கெய்ரோ திரும்பிவிட, நகருக்குள் அகப்பட்ட இப்னு கல்தூன் கயிறு கட்டி மதிலினின்று இறக்கப்பட்டார். முதிய ஆலிம் பேரரசருக்குக் கொண்டு சென்ற அன்பளிப்புகளில் முஸ்ஹஃபும் தொழுகை விரிப்பும் புர்தாவின் பிரதியும் இருந்தன. அவற்றோடு எகிப்திய இனிப்புப் பெட்டிகள் நான்கும் இருந்தன. அவருடைய கோவேறு கழுதையைத் தைமூர் கேட்டுப் பெற்றார். அதன் விலை பின்னர் கெய்ரோவுக்கு வந்தபோது, அரண்மனைக்குத் தெரிவிக்காமல் அதைத் தொட அவர் துணியவில்லை. எதிரி நாட்டுப் பணம் கையில் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி வாழும் அயலவரின் நிலையை, இச்சிறு செய்தியைவிடத் தெளிவாக நூலின் வேறெந்தப் பகுதியும் காட்டவில்லை.

1942-ல் பர்மாவிலிருந்து நடந்து வந்தோரும், 1990-ல் குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினோரும் நம்மிடையே உண்டு. அவர்தம் அனுபவங்கள் பெரும்பாலும் வீட்டுத் திண்ணைப் பேச்சோடு நின்றுவிட்டன. எழுத முன்வருவோர் ‘அத்தஃரீஃபை’ ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். அந்தக் கழுதையின் விலையை எழுதிய துணிவை அதிலிருந்து கற்கட்டும். வீட்டைப் பற்றி எழுதாமல் விட்ட குறையைத் தம் ஏட்டில் நிறைவு செய்யட்டும்.